‘ஐ’யா, ‘மீ’யா?

‘சிஸ்டர் கேவ் ரோஸி அண்ட் —— எ புக்.’ கோடிட்ட இடத்தை நிரப்புக என்று இவ்வாக்கியத்தைக் கொடுத்தால், ஏழாம் வகுப்பானாலும் பள்ளியிறுதி வகுப்பானாலும், விடைத்தாள்களில் ‘ஐ’ என்றும் வரும், ‘மீ’ என்றும் வரும். ‘ஐ’ என்று எழுதியவரை ஏன் என்று வினவினால், “அதுதானே டீச்சர் மரியாதை?” என்பார். ‘மீ’ என்று எழுதியவரோ, “வாயில் அப்படித்தான் வந்தது” என்பார். முன்னவர் காரணம் சொல்லிவிட்டார், விடை தவறு. பின்னவருக்குக் காரணம் தெரியவில்லை, விடை சரி. மறுமுறை அழுத்திக் கேட்டாலோ இருவருமே விடையை மாற்றிக்கொள்வர்!

தேர்வில் இதனால் போகிற மதிப்பெண் பெரிதன்று. வேலைக்கான நேர்முகத் தேர்வில் நன்றாகப் பேசிக்கொண்டு வரும் பெண், இந்தச் சின்னஞ்சிறு சொல்லண்டை வந்ததும் தயங்கி, சொல்ல வந்ததையே விழுங்கிவிடுகிறாளே, அதுதான் நமக்குக் கவலை. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப உருமாறுவதில்லை. எழுவாயாக வந்தாலும் ரோஸிதான், செயப்படுபொருளாக வந்தாலும் ரோஸிதான். வாக்கியத்தில் எங்கே நிற்கிறாள் என்பதைக் கொண்டே அவளுடைய வேலையை அறிகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படியில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களும் நம் தமிழைப் போலவே வேற்றுமை உருபுகளை ஏற்றன. காலப்போக்கில் அவை தேய்ந்து, 15-ஆம் நூற்றாண்டுக்குள், உடைமையைக் காட்டும் ‘எஸ்’ ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாம் மறைந்துவிட்டன. பிரதிப்பெயர்கள் மட்டும் பழைய சொத்தை விடவில்லை. ஐ - மீ, ஹீ - ஹிம், ஷீ - ஹெர், வீ - அஸ், தே - தெம் என்னும் ஜோடிகள் அந்தக் காலத்து மிச்சங்களே.

‘யூ’ என்பதற்கும் ஒரு ஜோடி இருந்தது. எழுவாய்க்கு ‘யீ’, மற்ற இடங்களுக்கு ‘யூ’. 16-ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து, பின்னர் ‘யூ’ ஒன்றே நிலைத்தது. ‘யூ’வினால் நமக்குத் தொல்லை வராதது இதனால்தான். இன்னொரு செய்தியும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘நாம் இருவர்’ என்பதற்கே ‘விட்’ என்று தனிச் சொல் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டோடு அது வழக்கொழிந்து போயிற்று. போகாமல் இருந்திருந்தால், ‘ரோஸியும் நானும்’ என்று நீட்டவேண்டிய பல இடங்களில் ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

மேலே சொன்ன ஜோடிகளில் முதலில் நிற்பவை எழுவாய்க்கு உரியவை. இரண்டாவதாக நிற்பவை செயப்படுபொருளுக்கும், ‘டு’, ‘ஃபார்’, ‘வித்’, ‘பிட்வீன்’ போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின்னும் உரியவை. இவ்வளவுதான் விதி. (தமிழில் ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை உருபாக இருக்க, ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய ‘ஐ’ முதல் வேற்றுமையில் போய் உட்கார்ந்துகொண்டது நம்முடைய போதாத காலம்!)

விதி இவ்வளவு எளிதாயிருக்கப் பிழை ஏன் வருகிறது? பிரதிப்பெயர் தனியாக நிற்கும்போது பிழை வருவதே இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். ‘சிஸ்டர் கேவ் ஐ எ புக்’ என்று ஆறாம் வகுப்புச் சிறுமிகூடச் சொல்லமாட்டாள். ‘மீ வென்ட் டு தி லைப்ரரி’ என்றும் சொல்லமாட்டாள். ‘அண்ட்’ போட்டுப் பக்கத்தில் ஒரு தோழியை நிறுத்தியவுடன்தான் தடுமாற்றம். வினைச்சொல்லுக்கும் பிரதிப்பெயருக்கும் நடுவே அவள் நின்று மறைத்துக்கொள்கிறாள். அப்படியானால் செய்யவேண்டியது என்ன? தோழியைச் சற்றே அப்பால் போகச் சொல்லுங்கள். ‘சிஸ்டர் கேவ் மீ எ புக்’ என்பது சரி. எனவே ‘சிஸ்டர் கேவ் ரோஸி அண்ட் மீ எ புக்’ என்பதே சரி. ‘ஐ வென்ட்’ சரி; எனவே ‘ரோஸி அண்ட் ஐ வென்ட்’. தோழி வந்ததனால் நம் வேலை மாறிவிடுவதில்லை.

‘பிட்வீன்’ என்ற சொல் ஒன்றுதான் இந்தச் சோதனைக்கு இடங்கொடாது. ‘பிட்வீன்’ என்றாலே இருவர் வேண்டும். ஒருவரை அனுப்பிவிட்டால் வாக்கியமே நிற்காது. அங்கே வேறொரு வழி செய்வோம். இருவரையும் சேர்த்து ஒரே சொல்லாக்கிப் பார்ப்போம். ‘பிட்வீன் வீ’ என்பது காதுக்கே பொறுக்கவில்லை. ‘பிட்வீன் அஸ்’ என்பதே இயல்பு. ‘அஸ்’ வரும் இடத்தில் ‘மீ’தான் வரும். ஆகவே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’. பிறர் இருவரைப் பற்றியதானால் ‘தே’, ‘தெம்’ என்று வைத்துப் பார்த்தால் போதும். இந்த இரண்டாவது வழி எல்லா இடங்களிலும் செல்லுபடியாகும்; முதல் வழி விரைவானது என்பதால் அதைத்தான் மாணவியர் விரும்புகின்றனர்.

தேர்வு வினாத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் ‘லெட்’ என்பதையும் இங்கேயே முடித்துவிடுவோம். ‘லெட் ஹெர் அண்ட் ஐ கோ’ என்று எழுதுகிறவர்கள், போகப்போகிறவர் நாம்தானே, அதனால் நாம்தான் எழுவாய் என்று நினைத்துவிடுகிறார்கள். ‘லெட் மீ கோ’ என்று தனியே சொல்லிப் பாருங்கள். ‘லெட் ஹெர் அண்ட் மீ கோ’ என்பது தானே விளங்கும்.

‘மீ’யைக் கண்டு நம் மாணவியர் அஞ்சுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிறு வயதில் ‘மீ அண்ட் மை சிஸ்டர் கேம்’ என்று சொல்லும் குழந்தையை உடனே திருத்துகிறோம். ‘மை சிஸ்டர் அண்ட் ஐ’ என்று சொல்லச் சொல்கிறோம். திருத்தியது சரியே. ஆனால் ஏன் என்று சொல்லாமல் திருத்துவதால், ‘மீ’ என்பது ஏதோ தெருவில் பேசும் சொல், ‘ஐ’ என்பதுதான் படித்தவர் சொல் என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. பிறகு ‘மீ’ வரவேண்டிய இடத்திலும் அதனை விரட்டிவிட்டு ‘ஐ’யைக் கொண்டுவந்து வைக்கிறாள். பிழைக்கு அஞ்சிச் செய்யும் பிழை இது. ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர்.

பெரியவர்களும் விலக்கல்லர். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், அந்தோனியோ தன் நண்பன் பஸ்ஸானியோவுக்கு எழுதும் கடிதத்தில் ‘பிட்வீன்’ என்ற சொல்லுக்குப் பின் ‘மீ’ வரவேண்டிய இடத்தில் ‘ஐ’ இருக்கிறது. நாடகத்தைப் பாடமாகப் படிக்கிறவர்கள் அவ்விடத்தைத் தேடிக் காணலாம். (அவரை உதாரணம் காட்டித் தேர்வில் மதிப்பெண் கேட்கலாம் என்று எண்ணவேண்டாம்!) அவர் காலத்தில் இலக்கண விதிகள் இன்றுபோல் கட்டப்படவில்லை. அவற்றைப் பள்ளிப் பாடமாகக் கட்டியவர்கள் 18-ஆம் நூற்றாண்டினர். 1762-இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியாரின் இலக்கணம் வந்தது. 1795-இல் லிண்ட்லி மர்ரே என்பவரின் இலக்கணம் வந்தது. மர்ரே அமெரிக்காவிலிருந்து வந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்கருகில் குடியேறிய வழக்கறிஞர். அந்நகரில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதனால்தான் அவர் தம் நூலை எழுதினார். அது பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல்லாண்டுகள் பாடநூலாக விளங்கியது. பெண்கள் பள்ளியொன்றுக்காக எழுதப்பட்ட நூலிலிருந்து உலகமே இலக்கணம் படித்தது என்பதில் நமக்கெல்லாம் சற்றுப் பெருமைதான்.

இனி, தமிழ் மாணவிக்கு மட்டுமே கிடைக்கும் ஓர் உதவியைச் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘அண்ட்’ என்பது இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு முறை வருகிறது. தமிழிலோ எண்ணும்மை ஒவ்வொருவரோடும் தனித்தனியே வருகிறது. வேற்றுமை உருபும் ஒவ்வொருவரோடும் தனித்தனியே வருகிறது. ‘நானும் ரோஸியும் போனோம்.’ ‘என்னையும் ரோஸியையும் அழைத்தார்.’ ‘எனக்கும் ரோஸிக்கும் கொடுத்தார்.’ ‘என்னோடும் ரோஸியோடும் பேசினார்.’ இவற்றில் தமிழ்க் குழந்தை எதுவும் பிழை செய்யுமா? ‘சிஸ்டர் நானும் ரோஸிக்கும் புத்தகம் கொடுத்தார்’ என்று பேசத் தொடங்கிய பிள்ளைகூடச் சொல்லாது. ஆங்கிலத்தில் தோழி மறைத்துக்கொள்வதைத் தமிழ் மறைக்க விடுவதில்லை.

எனவே ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நான்’ என்று வந்தால் ‘ஐ’. ‘என்னை’, ‘எனக்கு’, ‘என்னால்’, ‘என்னோடு’, ‘என்னிடம்’ என்று வந்தால் ‘மீ’. ‘அவள்’ என்றால் ‘ஷீ’, ‘அவளை’, ‘அவளுக்கு’ என்றால் ‘ஹெர்’. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கிலம் படித்திராத தாய்மார்கள், “எங்களுக்கு என்ன தெரியும்?” என்று பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தண்டை வருவதேயில்லை. இந்த ஒரு பாடத்தில் அவர்களே நல்ல ஆசிரியைகள். “நானும் ரோஸியுமா, என்னையும் ரோஸியையுமா, எனக்கும் ரோஸிக்குமா?” என்று அம்மா கேட்டால் போதும், விடை கிடைத்துவிடும்.

ஆனாலும் தமிழ் நம்மைக் கைவிடும் இடங்கள் சில இருக்கின்றன, அவற்றை மறைக்கக்கூடாது. ‘எனக்கும் ரோஸிக்கும் பசிக்கிறது.’ இதை மேற்சொன்ன வழியில் மாற்றினால் ‘மீ’ என்று வரும். ஆனால் ஆங்கிலத்தில் ‘ரோஸி அண்ட் ஐ ஆர் ஹங்ரி’ என்பதே சரி. தமிழில் பசி நமக்கு வருகிறது. ஆங்கிலத்தில் நாமே எழுவாயாக நிற்கிறோம். ‘எனக்கும் அவளுக்கும் தெரியும்’, ‘எனக்கும் அவளுக்கும் பாட்டுப் பிடிக்கும்’, ‘எனக்கும் அவளுக்கும் விடுமுறை வேண்டும்’, ‘எனக்கும் அவளுக்கும் கணக்குப் புரிந்தது’ ஆகியவையும் இப்படித்தான். இவையெல்லாவற்றிலும் தமிழில் நான்காம் வேற்றுமை, ஆங்கிலத்தில் எழுவாய். ‘ஷீ அண்ட் ஐ நோ’ என்று எழுதவேண்டும். பசி, தெரிதல், பிடித்தல், வேண்டுதல், புரிதல் என்று உள்ளத்தையும் உடலையும் பற்றிய சொற்கள் வந்தால் தமிழ்ச் சோதனையை விட்டுவிட்டுத் தோழியை அப்பால் அனுப்பும் சோதனைக்கு வந்துவிடுங்கள். ‘மீ நோ’ என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னுமோர் இடம். ஆண்டறிக்கைகளிலும் சுற்றறிக்கைகளிலும் ‘ரோஸி, நான் ஆகிய இருவருக்கும் பரிசு வழங்கப்பட்டது’ என்று எழுதுகிறோம். இங்கே ‘நான்’ உருமாறவில்லை. உருபு முழுவதையும் ‘இருவர்’ என்ற சொல் வாங்கிக்கொண்டது. இந்த ‘ஆகிய’ நடையை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஐ’ என்றுதான் கை போகும். வியப்பு என்னவென்றால், இதே போன்ற ஒரு வாதத்தை ஆங்கிலத்துக்காகவே அறிஞர் ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1992-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பில் கிளின்டன், அல் கோருக்கும் தமக்கும் வாய்ப்புத் தருமாறு மக்களைக் கேட்டபோது, ‘கிவ்’ என்ற வினைக்குப் பின் ‘அல் கோர் அண்ட் ஐ’ என்று சொன்னார். மொழிக் காவலர்கள் பிழை பிழை என்றனர். 1994-இல் தம் நூலொன்றில் ஸ்டீவன் பிங்கர் என்ற மொழியியல் அறிஞர் கிளின்டனுக்குப் பரிந்து பேசினார். ‘ஷீ’ ஒருமை, ‘ரோஸி’ ஒருமை. ‘அண்ட்’ போட்டுச் சேர்த்ததும் பன்மை. சேர்க்கையின் எண் வேறு, உறுப்பினரின் எண் வேறாக இருக்கலாம் என்றால், சேர்க்கையின் வேற்றுமையும் உறுப்பினரின் வேற்றுமையும் மட்டும் ஏன் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கேள்வி. நம் ‘ஆகிய இருவருக்கும்’ என்ற தொடரை நினைத்துக்கொண்டால் அவர் சொல்வது எளிதில் விளங்கும். 2002-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பேரிலக்கணமும், ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்பது படித்தவர் பலரும் பேசும் வழக்கு என்பதை ஒத்துக்கொள்கிறது.

வாதம் நல்ல வாதம்தான். ஆயினும் நம் முடிவு வேறு. விடைத்தாள் திருத்துபவரும் விண்ணப்பம் படிப்பவரும் பழைய விதியைத்தான் எதிர்பார்க்கின்றனர். பிறர் பேசும்போது ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று கேட்டால் அவரைத் திருத்தப் போகவேண்டாம். நாம் எழுதும்போது ‘மீ’ என்றே எழுதுவோம்.

‘இட் இஸ் ஐ’ என்பதும் இத்தகையதே. கதவைத் தட்டினால் “யாரது?” என்று கேட்கிறார்கள், நாம் “நான்தான்” என்கிறோம். மர்ரேயின் இலக்கணப்படி அங்கே ‘ஐ’தான் வரவேண்டும். ஆனால் ஆங்கிலேயர் அனைவரும் ‘இட்ஸ் மீ’ என்றே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகின்றனர். ஆக்ஸிஜனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி ஓர் இலக்கணமும் எழுதியிருக்கிறார். வழக்கில் ‘மீ’ இருக்கும்போது இலக்கணக்காரர் ஏன் மறுக்கவேண்டும் என்ற கருத்து 18-ஆம் நூற்றாண்டிலேயே அவருக்கு இருந்தது. பேச்சில் ‘இட்ஸ் மீ’ இருக்கட்டும். தேர்வில் ‘இட் வாஸ் ஷீ அண்ட் ஐ’ என்று கேட்டிருந்தால் அப்படியே எழுதிவிட்டு வாருங்கள்.

மரியாதை என்று சொன்ன மாணவியை மறந்துவிடவில்லை. மரியாதைக்கும் ஆங்கிலத்தில் இடம் உண்டு. அது வரிசையில்தான் இருக்கிறது. தமிழில் ‘நானும் ரோஸியும்’ என்று தன்னை முதலில் சொல்வது குற்றமில்லை. ஆங்கிலத்தில் தன்னைக் கடைசியில் வைப்பதே பண்பு. ‘ஐ அண்ட் ரோஸி’ என்று நம்மவர் பலர் எழுதுவது தமிழிலிருந்து நேரே எடுத்துக்கொண்டதனால்தான். மூவர் இருந்தால் முன்னிலை, படர்க்கை, பிறகு தன்மை: ‘யூ, ஷீ அண்ட் ஐ’. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் ‘ஐ’ முதலில் வரவேண்டும் என்று நம் நாட்டுப் பள்ளி இலக்கணங்கள் சொல்வதுண்டு. பூந்தொட்டியை உடைத்தவர்கள் யார் என்று கேட்கும்போது இந்த விதி ஏனோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

‘ஐ’யும் வேண்டாம் ‘மீ’யும் வேண்டாம் என்று ‘ரோஸி அண்ட் மைசெல்ஃப்’ என்று நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தோழியை அனுப்பிவிட்டால் ‘மைசெல்ஃப் வென்ட்’ என்று நிற்கும். அதைப் பற்றி வேறு சொல்லவேண்டியதில்லை.

‘வீ கேர்ல்ஸ்’, ‘அஸ் கேர்ல்ஸ்’ என்பதற்கும் இதே வழிதான். ‘கேர்ல்ஸ்’ என்பதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘வீ ஓன்’ என்பதால் ‘வீ கேர்ல்ஸ் ஓன்’; ‘ஷீ டாட் அஸ்’ என்பதால் ‘ஷீ டாட் அஸ் கேர்ல்ஸ்’.

‘தேன்’ என்று ஒப்பிடும்போது வரும் சங்கடம் இரட்டை எழுவாயைச் சேர்ந்ததன்று. ஆனாலும் தோழிகளுக்குள் மனத்தாங்கல் வரக்கூடிய இடம் என்பதால் சொல்லிவிடுகிறோம். ‘ஷீ லைக்ஸ் ரோஸி மோர் தேன் ஐ’ என்றால், ரோஸியிடம் எனக்குள்ள பிரியத்தைவிட அவளுக்குள்ள பிரியம் அதிகம் என்று பொருள். ‘மோர் தேன் மீ’ என்றாலோ, என்னைவிட ரோஸியைத்தான் அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்ற பொருள் வந்துவிடும். விடுபட்ட வினையை நிரப்பிப் பார்த்தே வேற்றுமையை முடிவு செய்யவேண்டும் என்று லௌத் அன்றே எழுதிவைத்தார். கடிதம் எழுதும்போது ‘மோர் தேன் ஐ டூ’ என்று வினையையும் சேர்த்து எழுதிவிடுவது நலம்.

‘நைதர்… நார்…’ வரும்போது பிரதிப்பெயரைவிட வினைச்சொல்தான் தொல்லை தரும். இருவரில் எவர் வினைக்கு அருகில் நிற்கிறாரோ அவருக்கேற்ப வினை மாறும். ‘நைதர் ரோஸி நார் ஐ ஆம் லேட்’. ‘ரோஸியும் தாமதிக்கவில்லை, நானும் தாமதிக்கவில்லை’ என்று தமிழில் சொல்லிப் பார்த்துப் பயனில்லை. ‘இல்லை’ என்பது எல்லாருக்கும் ஒரே வடிவில் வந்து நிற்பது.

பயிற்சிக்காகச் சில வாக்கியங்கள். ‘தலைமையாசிரியை அவளையும் என்னையும் மேடைக்கு அழைத்தார்’: இதில் ‘ஹெர் அண்ட் மீ’. ‘நீயும் நானும் சாரணியர் முகாமுக்குப் போகிறோம்’: இதில் ‘யூ அண்ட் ஐ’. ‘எங்களுக்கும் அவர்களுக்கும் எறிபந்துப் போட்டி நடந்தது’: ‘பிட்வீன் தெம் அண்ட் அஸ்’. பின்வரும் மூன்றை நீங்களே எழுதிப் பாருங்கள். இவற்றில் ஒன்றில் மட்டும் தமிழ் உங்களை ஏமாற்றப் பார்க்கும். ‘அவரிடமும் என்னிடமும் சாவி இல்லை என்று காவலர் சொன்னார்.’ ‘இந்தக் கோலத்தை அவளும் நானும் போட்டோம்.’ ‘சிஸ்டர் அவளுக்கும் எனக்கும் ஒரே பாட்டைக் கற்றுக்கொடுத்தார்.’